உள்பக்கத் தாழ்ப்பாள்

இது நான் நேரில் பார்த்ததல்ல. ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் அறைத்தோழி சொன்னது. குழந்தையின் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பயிற்சி மருத்துவர் பூங்குன்றன் பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்தார்.

“தொடவே விட மாட்டேங்கிறா, மேடம்.”

பெரிய டாக்டர் ஹெப்சிபா வராந்தா பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அன்றைக்கு அவரிடம் இப்படி வந்த இரண்டாவது குழந்தை இது.

“போலீசுக்குச் சொல்லியாச்சா?”

“ஆச்சு. அம்மாதான் சந்தேகப்பட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஆறு வயசு. காயம் இருந்தா இன்னைக்கே பாக்கணும், மேடம். நாளாச்சுன்னா ஒண்ணும் தெரியாது.”

“அவகிட்ட என்ன சொன்ன?”

“எல்லாக் குழந்தைங்ககிட்டயும் சொல்றதுதான்.”

“அதான் என்ன?”

“நல்ல பிள்ளைல்ல, சமத்தா படு. கொஞ்ச நேரம்தான். அழாம இருந்தா சாக்லேட் தருவேன்.”

“இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னார்.

“மெதுவா.”

“நல்ல பிள்ளைல்ல,” என்று ஆரம்பித்தார். “சமத்தா…”

நிறுத்தி, அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்த சாக்லேட்டை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இப்ப நான் என்ன சொல்லணும், மேடம்?”

“சொல்லாத. கேளு.”

அறைக்குள் எட்டிப் பார்த்தார். உடனே திரும்பி வந்தார்.

“உள்ள வரலாமான்னு கேட்டேன். வேண்டாம், போன்னுட்டா.”

“சொன்னதும் வெளிய வந்துட்டல்ல. நல்லது.”

அவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. தாழ் விழும் சத்தம் கேட்டது.

“மேடம், தாழ் போட்டுட்டா!”

“அம்மா உள்ளதான இருக்காங்க?”

“ஆமா.”

“அப்ப உட்காரு.”

அவர் உட்காரவில்லை. “தடயம் போயிடுமே, மேடம்.”

“போனாலும் போகலாம்.”

“போனா?”

ஹெப்சிபா சற்று நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார்.

யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஆறி, ஆடை படிந்தது.

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

“இன்னும் போகலியா நீ?”

“இல்ல,” என்றார் பூங்குன்றன். “இங்கதான் இருக்கேன்.”

“ஏன் உள்ள வரல?”

“நீ வரச் சொல்லலியே.”

கதவு மறுபடி மூடிக்கொண்டது. தாழ் விழுந்தது. பூங்குன்றன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். ஹெப்சிபா கண்ணைத் திறக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தாழ் நகர்ந்தது. இந்தத் தடவை கதவு பாதிவரை திறந்தது.

“அந்த டாக்டரம்மா மட்டும் வரட்டும்.”

ஹெப்சிபா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

போன மாதம் தோழியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது அந்த அறையையும் பார்த்தேன். தாழ்ப்பாள் உள்பக்கம், என் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. மேலே, பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில், ஆணித் துளைகளை இன்னும் அடைக்கவில்லை.