ஊசிக்கரட்டில் செவ்வாய்க்கிழமை

"சாமி, இனிமே எனக்கு எழுத்து வேலை இருக்குமா, இருக்காதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

சிகாமணி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். பாறைக் கரட்டில் ஏறி வந்தவன் இன்னும் உட்காரக்கூட இல்லை.

ஊசிக்கரட்டுச் சாமி அறுந்துபோன செருப்புக்கு வார் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சாமிக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். கேட்டவனுக்கு நாற்பத்தொன்பது.

"மொதல்ல தண்ணி குடிங்கண்ணா," என்றார்.

குடித்தான். குடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

பன்னிரண்டு வருடமாக நெட்டில் எழுதிப் பிழைக்கிறான். ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது. யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும், கேட்ட அளவுக்கு எழுதிக் கொடுப்பான். தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி? அறுநூறு வார்த்தை. நாய்க்குட்டிக்கு எப்படிப் பெயர் வைப்பது? எண்ணூறு வார்த்தை. அவன் ஜென்மத்தில் தோசை வார்த்தது இல்லை. நாயைக் கண்டால் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். அதனால் என்ன? நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு ஐந்தாவதாக எழுதத் தெரியும்.

இப்போது அந்த வேலையை ஏஐ செய்கிறது. நாலு பேர் என்ன, நாலாயிரம் பேர் எழுதியதைப் படித்துவிட்டு, இவன் காப்பியை ஆற்றி முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்த மூன்று கம்பெனிகளும் போன மாதம் மெயில் அனுப்பிவிட்டன. தேவைப்பட்டால் சொல்கிறோம் என்று. இனி நீ வேண்டாம் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள், பாருங்கள்!

"என் மச்சினன் பூபதி டைல்ஸ் கடை வச்சிருக்கான் சாமி. வாங்க மச்சான், கல்லாவுல உக்காந்துக்கங்கன்னு கூப்புடறான். புதன்கிழமை காலைக்குள்ள பதில் சொல்லணும். சரின்னுட்டா பொழப்பு ஓடிரும். ஆனா எழுதறது அதோட முடிஞ்சுது. எனக்கு வேற எதுவும் தெரியாது சாமி. தெரிஞ்சாலும் புடிக்காது."

பொண்டாட்டியிடம்கூட இதை இப்படி அவன் சொன்னதில்லை.

சாமி செருப்பை மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தார்.

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா? நாளைக்குச் செவ்வாய்க்கிழமைங்களே!"

"ஆமா."

"செவ்வாய்க்கிழமை நீங்க பேச மாட்டீங்களே சாமி! அதனாலதானே அடிச்சுப் புடிச்சு இன்னிக்கே வந்தேன்."

"நான் செவ்வாய்க்கிழமை பேச மாட்டேன்னு யாரு சொன்னது?"

"ஏஐதான். மனசுக்கு நிம்மதி வேணும், எங்க போலாம்னு கேட்டேன். ஊசிக்கரட்டுக்குப் போ, செவ்வாய்க்கிழமை சாமி மௌனம், பேசணும்னா மத்த நாள்ல போன்னு சொல்லுச்சு."

"அதுக்கு யாரு சொன்னது?"

சிகாமணி போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை.

"உச்சிப் பாறையில மட்டும் சிக்னல் கெடைக்கும்ணா. ஏறிப் போயி, மொதமொதல்ல இதை யாரு சொன்னாங்கன்னு கண்டுபுடிச்சுட்டு வாங்க. அப்பறம் உங்க கேள்விக்கு வருவோம்."

நல்ல சாமியைப் பிடித்தேன், ஆறுதல் கேட்டு வந்தால் வேலை வைக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினான்.

ஒன்பது பக்கங்கள் கிடைத்தன. ஒன்பதிலும் ஒரே கதை. ஒன்று, இது நானூறு வருடப் பாரம்பரியம் என்றது. சாமிக்கே நாற்பது வயதுதானே! இன்னொன்று, ஏழு செவ்வாய் வந்து உட்கார்ந்தால் கல்யாணம் கூடிவரும் என்றது. எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. தொழில் தெரிந்தவனுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தேதியைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே போனான்.

கடைசியில் ஒரு சுற்றுலாப் பக்கத்தில் போய் நின்றது. பதினோரு வருடம் பழையது. அமைதி தேடுவோருக்குப் பன்னிரண்டு இடங்கள். எழுதியவர், ஸ்வேதா.

அதில் ஒரு வரி இருந்தது. 'செவ்வாய்க்கிழமைகளில் ஊசிக்கரட்டில் காற்றுகூட வாய் திறப்பதில்லை.'

சிகாமணி அதை இன்னொரு தடவை படித்தான்.

"காத்துக்கு ஏதுங்க வாயி?" என்று அவன் மனைவி ரேணுகா அன்றைக்குச் சிரித்தது ஞாபகம் வந்துவிட்டது. ஸ்வேதா என்பது கம்பெனி அவனுக்கு வைத்த பெயர்.

ஒரே நாளில் பன்னிரண்டு இடம் எழுதச் சொன்னார்கள். இடத்துக்கு முந்நூறு வார்த்தை. ஊசிக்கரட்டுக்கு மட்டும் எவ்வளவு இழுத்தும் இருநூற்றுப் பத்துக்கு மேல் வரவில்லை. ஒரு கரடு, ஒரு சுனை, ஒரு சாமி. அதற்குமேல் போகாத ஊரைப் பற்றி என்னத்தை எழுதுவது? பக்கத்து வீட்டில் காலையிலிருந்து டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். காது கிழிந்தது. வாரத்தில் ஒரு நாளாவது எல்லாரும் சும்மா இருந்தால் என்ன என்று நினைத்தான். அன்று செவ்வாய்க்கிழமை. மிச்சத் தொண்ணூறு வார்த்தையும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாலாயிரம் கட்டுரை எழுதினான். இதைச் சுத்தமாக மறந்தும் போனான்.

பேசாமல் ஊரைப் பார்க்கப் போய்விடலாம் என்று முடிவு செய்தான். கடைசி பஸ் ஆறு நாற்பதுக்கு என்று நெட்டில் போட்டிருந்தது. சாமி கண்ணில் படாமல் பின்பக்கமாக இறங்கி ஆறு இருபதுக்கே ரோட்டுக்கு வந்துவிட்டான்.

"அது ஆறு மணிக்கே போயிருச்சுங்களே," என்றாள் டீக்கடைக்காரம்மா. "நெட்டைப் பார்த்துட்டு வந்தீங்களாக்கும்? தெனம் ஒருத்தர் இப்படித்தான் வந்து நிக்கறாங்க."

திரும்ப ஏறினான். வேறு வழி?

சாமி கம்பங்களி போட்டார். "ஆள் கெடச்சாங்களாண்ணா?"

"தேடிட்டு இருக்கேன் சாமி." வாய் கூசியது.

"இதுக்கு முன்னாடியும் நெறைய பேரை அனுப்பியிருக்கேன். எல்லாரும் போன வேகத்துல வந்து, நெட்ல இருக்குங்க சாமின்னுதான் சொன்னாங்க. ஆள் யாருன்னு ஒருத்தரும் சொல்லல."

பிறகு சாமி பேச ஆரம்பித்தார். களியைப் பற்றிப் பேசினார், ஆடு வளர்ப்பதைப் பற்றிப் பேசினார், தன் சித்தப்பா வாங்கி ஏமாந்த மோட்டாரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இந்த மனுஷன் இத்தனை பேசுவார் என்று சிகாமணி எதிர்பார்க்கவே இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. திங்கக்கிழமை மட்டும் இப்படித்தான். நாளைக்குப் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசிக்கறேன்."

சிகாமணிக்குக் களி உள்ளே இறங்கவில்லை.

காலையில் எட்டு மணிக்கெல்லாம் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வாயில் விரல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பாறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமியும் வந்து எதிரே உட்கார்ந்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை. ஒரு குழந்தை ஏதோ கேட்க வாயெடுத்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

சாமியின் முகத்தைச் சிகாமணி பார்த்தான். பல் வலிக்காரன் முகம் மாதிரி இருந்தது.

நம் வாயாலேயே இதைச் சொன்னால் அடித்தாலும் அடிப்பார்கள் என்று நினைத்தான். சொல்லாமல் போனால் இன்னும் எத்தனை செவ்வாய்க்கிழமை இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பார்?

எழுந்து நின்றுவிட்டான்.

"சாமி, அது பொய்! செவ்வாய்க்கிழமை மௌனம்னு மொதமொதல்ல எழுதினது நாந்தான். நான் இங்க வந்ததே இல்ல. தொண்ணூறு வார்த்தை பத்தல, அதுக்காக அடிச்சு விட்டேன். மன்னிச்சுருங்க சாமி. எல்லாரும் என்னை மன்னிச்சுருங்க."

நாற்பது தலைகள் திரும்பின.

"அப்பாடா!" என்றார் சாமி.

என்னவோ தலையிலிருந்து விறகுக் கட்டை இறக்கி வைத்தவர் மாதிரிக் கையைக் காலை நீட்டினார்.

"பதினோரு வருஷம்ணா! ஒரு செவ்வாய்க்கிழமை, வாயில வெரல வச்சுக்கிட்டு முப்பது பேரு வந்தாங்க. வாங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். பேசிராதீங்க சாமின்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அத்தனை தூரத்துல இருந்து வந்தவங்களை ஏமாத்தக் கூடாதேன்னு சும்மா இருந்துட்டேன். அடுத்த வாரம் நாப்பது பேரு. அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன். ஒருக்கா இந்தப் பாறைக்கடியில பாம்பு வந்துச்சு. வாயால சொல்ல முடியல, கையைக் கையை ஆட்டினேன். ஆசீர்வாதம்னு நெனச்சு அத்தனை பேரும் விழுந்து கும்பிட்டாங்க!"

ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் பாறை முழுக்கச் சிரிப்பு.

"என் மேல கோவமில்லயா சாமி?" சிகாமணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கோவமா? நீங்க நல்லா இருப்பீங்க! இந்தப் பதினோரு வருஷத்துல என்கிட்ட வந்து நாந்தான் எழுதினேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"சாமி, நான் மருதாசலம். டவுன்ல சலூன் வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்கு லீவு. நாலு வருஷமா வாராவாரம் வந்து முன்னாடி உக்கார்றேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். மௌனத்தைக் கலைக்கக் கூடாதுன்னு முழுங்கிருவேன்."

"அடடா. சொல்லுங்க, சொல்லுங்க."

"உங்க தாடி எடது பக்கம் கோணலா இருக்குங்க சாமி."

சாமி தாடியைத் தடவிப் பார்த்தார். "நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

"பை கொண்டாந்திருக்கீங்களா?"

அது இல்லாமல் அவர் எங்கே போவார்! துண்டைப் போர்த்தினார், கத்தரியை எடுத்தார். சாமி தாடையைத் தூக்கிக் காட்டினார்.

வாய் திறந்ததுதான் தாமதம், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தன் கடை மூடிவிட்டதாக நெட்டில் வருவதாக ஒரு விதைக்கடைக்காரர் சொன்னார். மூடவே இல்லையாம். ஊர் ஆஸ்பத்திரி நம்பரை அடித்தால் எங்கேயோ சிமெண்டுக் கடைக்காரர் எடுக்கிறாராம். குழந்தையின் அம்மா போனை எடுத்துப் பார்த்தாள். வீட்டில் ஏற்கெனவே ஏஐயிடம் கேட்டு வைத்திருந்த பதில் அதில் இருந்தது. "இன்னிக்கு நீங்க பேச மாட்டீங்கன்னே போட்டிருக்கு சாமி," என்றாள்.

"அது பாவம், வந்து பார்த்துச்சா என்ன?" என்றார் சாமி.

"ஆடாதீங்க சாமி," என்றார் மருதாசலம்.

சிகாமணி சாமிக்குக் கிட்டே போனான்.

"சாமி, நேத்து நான் கேட்டதுக்குப் பதில்?"

தாடையில் கத்தரி இருந்ததால் சாமியால் வாயைத் திறக்க முடியவில்லை. விரலை மட்டும் தூக்கி உச்சிப் பாறையைக் காட்டினார்.

சிகாமணி ஏறினான். நேற்றுப் போல் மூச்சு வாங்கவில்லை. மேலே போய்ப் பூபதிக்குப் போன் போட்டான்.

"பூபதி, நான் கடைக்கு வரலப்பா."

"ஏன் மச்சான், வேற எழுத்து வேலை கெடச்சிருச்சா?"

"யாரும் குடுக்கல."

"அப்பறம் நாளைக்கு என்னதான் பண்ணப் போறீங்க?"

கீழே பாதித் தாடியோடு சாமி நாற்பது பேருடனும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"பஸ் ஸ்டாப்புக்குப் போறேன்."

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கும் இல்ல. ஊசிக்கரட்டுக் கடைசி பஸ் எத்தனை மணிக்குக் கெளம்புதுன்னு நின்னு பார்த்து எழுதணும்."