செர்ரி மரம் இலையைக் கொடுத்துப் பூவை வாங்கிய கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சு உண்டு. வாய் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், இலைகளால்தான் பேசும். ஆலமரம் ஓயாமல் பேசும். சவுக்கு முணுமுணுக்கும். கள்ளிக்கு இலை கிடையாது, ஆகையால் அது எந்த வம்புக்கும் போகாது.

அப்போது மலைமேல் பூண்டு விளைவித்துப் பிழைக்கும் ஒரு சின்ன ஊர் இருந்தது. இன்று நாம் செர்ரி என்று சொல்கிற மரம் அங்கே வாசலுக்கு வாசல் நின்றது. ஆனால் அதற்குச் செர்ரி என்று பெயரில்லை. பிள்ளை பிறந்தால் வாசலில் ஒரு கன்று நட்டு, பிள்ளையின் பெயரையே கன்றுக்கும் வைப்பது அந்த ஊர் வழக்கம். ஒரு வீட்டு மரம் வீரணன், எதிர்வீட்டு மரம் முத்தழகு. தாய் ஒரு குரல் கொடுத்தால் பிள்ளை ஓடிவரும், மரமும் "என்னம்மா?" என்று கேட்கும். அம்மாக்களுக்கு இதில் பாதி சந்தோஷம், பாதி தலைவலி.

அந்த நாளில் இந்த மரம் வருடம் முழுவதும் அடர்ந்த இலையோடு நிற்கும். பூப்பதும் உண்டு, இலை மறைவில் இரண்டு மூன்றாக. யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

சடையன், வெள்ளையம்மாள் வீட்டு மரத்துக்குப் பவளாயி என்று பெயர், அவர்கள் மகளின் பெயர்தான். அதைப்போலக் கேள்வி கேட்ட மரம் அந்த மலையிலேயே இல்லை. மேகம் ஏன் கீழே இறங்குகிறது? பூண்டு மண்ணுக்குள் இருந்துகொண்டு என்ன செய்கிறது? நான்கு வயதுப் பெண் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் என்று கேட்டுத் துளைக்க, வெள்ளையம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருவருக்கும் பதில் சொல்வாள்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்திருந்து பவளாயி இறந்துபோனாள். அதற்குமேல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இறந்த பிள்ளையின் பெயரை ஒரு வருடத்துக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதும் அந்த ஊர் வழக்கம். எல்லாரும் கட்டுப்பட்டார்கள். வாசலில் அதே பெயரோடு ஒன்று நிற்கிறதே, அதற்கு என்ன சொல்வது என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அதை யாரும் கூப்பிடவும் இல்லை.

மரம் ஒரு நாள் பார்த்தது, இரண்டு நாள் பார்த்தது. அம்மா ஏன் கூப்பிடவில்லை? வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம் என்றால் அதன் இலைகளே சன்னலை அடைத்துக்கொண்டிருந்தன. கிளையில் உட்கார்ந்த கொண்டைக்குருவியை உள்ளே போய்ப் பார்த்துவரச் சொன்னது.

குருவி போய்விட்டு வந்து, "உள்ளே ரொம்ப நல்லா இருக்கு. சோறு சிந்திக் கிடக்கு, விரட்ட ஆளில்லை" என்றது.

"அம்மா என்ன செய்யறாங்க?"

"நான் சோத்தைப் பார்த்தேன். அம்மாவை யார் பார்த்தது?"

குருவியை நம்பிப் பயனில்லை என்று மரம் சடையனிடமே கேட்டது. அவன் விறகுக் கட்டை இறக்கிவைத்தான்.

"உன்னைக் கண்டா அவளுக்கு ஆகலை" என்றான். "வாசப்பக்கமே வரமாட்டேங்கறா. சோறு இறங்கலை. இப்படியே இருந்தா அவளும் எனக்கு மிஞ்சமாட்டா."

"நான் என்னப்பா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலை. புள்ள போயிட்டா, நீ நிக்கிற. அதான்."

"எங்கே போயிட்டா?"

சடையன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மார்கழி கழியட்டும்" என்றான். "தை பிறந்ததும் உன்னை வெட்டிடறேன். என்னை மன்னிச்சுக்கோ."

மரத்துக்குக் கோடரி பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் அதற்குப் பெரிதாகப் பட்டது வேறு. வெட்டுப்படுவதற்குள் அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மார்கழி நடுவில் மலையுச்சியிலிருந்து வாடைக்காற்று இறங்கியது. மரம் அதை நிறுத்தி, "என் இலையையெல்லாம் பறிச்சிட்டுப் போறியா? எனக்கு உள்ளே பார்க்கணும்" என்றது.

காற்று இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதே இல்லை. "இந்தக் குளிரில் உனக்குப் போர்வையே அதுதானே? சாப்பாடும் அதுதான். இலை போனால் ஒரு வாரத்துக்குத்தான் உடம்பில் தெம்பு இருக்கும்."

"ஒரு வாரம் போதும்."

"பேச்சும் போகும். மறுபடி இலை துளிர்க்கலாம், ஆனால் பேச்சு திரும்பி வராது. உனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா, யோசித்துக்கொள்."

மரம் யோசித்தது. கேட்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டது: "வலிக்குமா?"

"வலிக்கும்" என்றது காற்று.

"சரி, பறிச்சுக்கோ."

பொழுது விடிந்தபோது மரத்தில் ஓர் இலை இல்லை. சன்னல் வழியே வீடு தெரிந்தது. வெள்ளையம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. மடியில் மகளின் சின்னக் கம்பளி. மகள் எங்கே என்று அந்தக் கம்பளியைப் பார்த்ததும் மரத்துக்குப் புரிந்துவிட்டது.

அம்மா என்று கூப்பிடப் பார்த்தது, சத்தம் வரவில்லை. அதனிடம் மிச்சமிருந்தது பூ மட்டும்தான். வருடம் முழுவதும் இரண்டு மூன்றாகப் பூப்பதற்கென்று வைத்திருந்த மொட்டுகளையெல்லாம் அடிக்கிளையிலிருந்து நுனிவரை ஒன்றுவிடாமல் விரித்தது. வெறும் கொம்புகளில் இளஞ்சிவப்பாகப் பூ அப்பிக்கொண்டு நின்றது. அந்த ஊர் அப்படி ஒரு மரத்தைப் பார்த்ததில்லை. பூண்டுக்குக் களை எடுத்தவர்கள் எழுந்து வந்து வேலிக்கு அப்பால் நின்றார்கள்.

வீட்டுக்குள் என்றுமில்லாத வெளிச்சம் விழவும் வெள்ளையம்மாள் திரும்பினாள். எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள். சுற்றி உறைபனி வெள்ளையாகக் கிடக்க, மரம் ஓர் இலையில்லாமல் நின்றதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் குளிர்ல எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு நிக்கிறியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்றாள். "உடம்புக்கு வந்தா யாரு பார்க்கறது? சொல்லு, பவளாயி, யாரு பார்க்கறது?"

பெயர் வாயிலிருந்து வந்துவிட்டதை அப்புறம்தான் உணர்ந்தாள். ஐப்பசியிலிருந்து அழாத அழுகையை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வழக்கத்தை மீறிவிட்டாளே என்று வேலிக்கு அப்பால் நின்றவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து உள்ளே போனவள், அந்தக் கம்பளியைக் கொண்டுவந்து மரத்தின் அடியில் சுற்றிக் கட்டினாள். பிறகு சடையனிடம், "பசிக்குது" என்றாள். அவன் கோடரியை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்கு விறகு பிளந்தான்.

எட்டாம் நாள் தெம்பு தீர்ந்து பூவெல்லாம் கொட்டிவிட்டது. அப்புறம் இலை துளிர்த்தது, காற்று சொன்னபடியே பேச்சு வரவில்லை. மற்ற மரங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டன என்று எனக்குத் தெரியாது. இந்த மரத்தின் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி கொட்டைகளை மலையெங்கும் போட்டது, முளைத்ததெல்லாம் இதைப் போலவே முளைத்தது.

அன்று முதல்தான் செர்ரி மரம் குளிரில் ஓர் இலைகூட இல்லாமல் நின்று, உள்ளதையெல்லாம் ஒரே வாரத்தில் பூத்துத் தீர்க்கிறது. அதை வீட்டில் வளர்க்கிறவர்களும் பூத்த முதல் நாள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, வீட்டில் யாரும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பெயரைச் சொல்லி அதைக் கூப்பிடுகிறார்கள்.