பிரகாசி சொன்ன உண்மை

வா, இப்படி என் பக்கத்துல ஒட்டிப் படு. கால நல்லா போத்திக்க. நடுநடுவுல ம் கொட்டணும், சரியா? ம் சத்தம் வரலைன்னா நீ தூங்கிட்டன்னு நெனச்சு அத்தையும் தூங்கிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தம்பியும் இருந்தாங்க. கடக்கர ஊரு. அக்கா பேரு பிரகாசி, தம்பி பேரு கஸ்பாரு. அப்பாவக் கடல் கொண்டு போயிருச்சு, அம்மா காய்ச்சல்ல போயிட்டா. அப்போ பிரகாசிக்குப் பதினாலு வயசு, கஸ்பாருக்கு நாலு. அவதான் கருவாடு காயப்போட்டு, அதக் கூடையில சொமந்து ஊர் ஊரா வித்து, தம்பிய வளத்தா. காலையில கோயில் மணி டாங் டாங்குன்னு அடிச்சா, தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டுப் பூசைக்கு ஓடுவா. பக்கத்து வீட்டுல கண்ணு தெரியாத ஒரு ஆச்சி. அவளையும் ஒரு கையில பிடிச்சுக்கிடுவா.

"ம்."

அப்புறம் கஸ்பாரு வளந்து பெரிய ஆளாயிட்டான். தோணி முதலாளி ஒருத்தரு, பேரு லியோன், அவருகிட்ட வேலைக்குப் போனான். நல்ல வேலக்காரன்தான், கோவம் மட்டும் சுர்ருன்னு வரும். ஒரு நாள் முதலாளிகூடச் சண்ட. "நாளையிலருந்து என் தோணியில கால வைக்காத"ன்னு அவரு சொல்லிட்டாரு. அப்போ கஸ்பாரு என்ன செஞ்சான் தெரியுமா? மறுநாள் விடியக்காலம், தென்னங்கீத்தக் கொளுத்தி முதலாளி வலையெல்லாம் போட்டு வைக்கிற ஓலக்கொட்டகையில எறிஞ்சிட்டு ஓடிட்டான்.

குபுகுபுன்னு தீ! படபடன்னு ஓல வெடிக்குது! அந்நேரம் மணல்ல மீனு பரப்பிக்கிட்டு இருந்த பிரகாசி, தன் கண்ணால அதப் பாத்துட்டா.

"அய்யோ."

ஆமா. ஊரே ஓடி வந்துச்சு. வந்து பாத்தா, கொட்டக வாசல்ல இன்னாசி நிக்கான். இன்னாசி வெளியூருப் பய, சொந்தபந்தம் கெடையாது, கிழிஞ்ச வலையப் பொத்தித் தச்சுப் பொழைக்கவன். ஈரச் சாக்க வச்சுத் தீய அடிச்சு அணைக்கப் பாத்திருக்கான். கையெல்லாம் கரி. "இவன்தான் வச்சிருக்கான்"னு எவனோ சொன்னான். அவ்வளவுதான், பிடிச்சுக் கையக் கட்டி உப்பு அறையில பூட்டிட்டாங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு ஊர்க்கூட்டம், அப்புறம் போலீசுன்னு முடிவாச்சு.

பிரகாசி வீட்டுக்கு வந்தா. கஸ்பாரு மூலையில குத்தவச்சு இருந்தான்.

"யக்கா, பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லிராதக்கா. என்னையச் செயில்ல போட்டுருவாங்க."

"நீயே வந்து சொல்லு கஸ்பாரு. நான் ஒன் பக்கத்துல நிக்கேன்."

அவன் அழுதான், கால்ல விழுந்தான். சொல்லுதேன்னு மட்டும் சொல்லல.

அப்புறம் அவ சித்தி வந்தா. "ஏட்டி, அந்தப் பய யாரு, எவரு? அவன் போனா அழ ஆளில்ல. நீ ஒன் ரெத்தத்தக் காட்டிக் குடுப்பியா?"ன்னு கேட்டா.

அப்புறம் அவளுக்குள்ளேயே ஒரு கொரல். 'நாலு வயசுல இடுப்புல தூக்குன பிள்ளையாச்சே'ன்னு. மத்த ரெண்டு பேரவிட அதுதான் அவளப் போட்டு வாட்டுச்சு. சனிக்கெழம பூரா மாதா சொரூபத்துக்கு முன்னால இருந்தா. "நான் வாயத் தொறந்தா தம்பி போயிருவான். தொறக்கலன்னா ஆண்டவரே, ஒம்ம மொகத்த எப்படிப் பாப்பேன்?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

"சொன்னாளா அத்தே?"

சொன்னா. ஞாயித்துக்கெழம கூட்டத்துல எந்திரிச்சு நின்னா. திரும்பித் தம்பியப் பாத்தா. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "இன்னாசி வைக்கல. என் தம்பி கஸ்பாரு வச்சான். நான் பாத்தேன்"ன்னா. சொல்லிட்டு அந்த எடத்துலயே உக்காந்து ஓன்னு அழுதா.

இன்னாசியக் கட்டவுத்து விட்டாங்க. அவன் அவளப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டுட்டு அந்த ஊரவிட்டே போயிட்டான். கஸ்பாருக்கு ஒரு வருசம் செயில்.

அப்புறம் சொந்தக்காரங்க ஒருத்தரும் பிரகாசிகிட்டப் பேசல. கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடல. கருவாட்டக்கூட வேற ஆளுகிட்ட வாங்குனாங்க. "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்தவ"ன்னு காதுபடச் சொன்னாங்க. அவ என்ன செஞ்சா? காலையில எந்திரிச்சா, ஆச்சியக் கையப் பிடிச்சுப் பூசைக்குப் போனா, கூடையத் தூக்கிக்கிட்டுத் தூரத்து ஊருக்கு நடந்தா. தூங்கிட்டியா?

"ம்ம்."

கஸ்பாரு வெளிய வந்தவன் அக்கா வீட்டுக்கு வரல. ராமேசுவரம் பக்கம் வேலைக்குப் போயிட்டான். மொத வருசம் கிறிஸ்மசுக்குப் பிரகாசி அவன் இடுப்புல கட்ட ஒரு புதுச் சாரம் வாங்கி, அங்கிட்டுப் போற ஆளுகிட்டக் குடுத்து விட்டா. பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. ரெண்டாவது வருசம் அவளே பஸ் ஏறிப் போனா. அவளத் தூரத்துல பாத்ததும் அவன் வள்ளத்துல தாவி, துடுப்பச் சளக் சளக்குன்னு போட்டுக் கடலுக்குள்ள போயிட்டான். பொழுது சாயுற வரைக்கும் மணல்ல உக்காந்திருந்துட்டுத் திரும்பி வந்தா. மூணாவது வருசம் அவனுக்குக் கல்யாணம்னு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டா. கூப்பிடாமலே போயி, பந்தல் ஓரமா நின்னா. "யாருப்பா அது?"ன்னு பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டாங்க. கஸ்பாரு அத்தன பேருக்கு முன்னால, "எனக்கு அக்கான்னு யாரும் கெடையாது"ன்னுட்டான்.

"பாவம் அவ."

ம். வீட்டுக்கு வந்தா, செபமாலையக் கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டா. "உண்மையச் சொன்னேன், எல்லாம் போச்சு. இனிமே எனக்கு எதுக்கு இது?"ன்னு சொவரப் பாத்துப் படுத்துட்டா. மூணு நாளு கோயில் மணி அடிச்சுச்சு, அவ அசையல. நாலாம் நாளு வாசல்ல டொக் டொக்குன்னு கம்புச் சத்தம். அந்த ஆச்சி! மூணு நாளாக் காத்திருந்து பாத்துட்டு, சொவரத் தடவித் தடவி வந்திருக்கா. "பிரகாசி, போவோமா?"ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. பிரகாசி எந்திரிச்சு மொகத்தக் கழுவி, பெட்டியத் தொறந்து செபமாலைய எடுத்துக்கிட்டா. ஆச்சி கையப் பிடிச்சா. ரெண்டு பேரும் மெள்ள மெள்ள நடந்து போனாங்க. அன்னையிலருந்து ஒரு நாளும் அவ நிப்பாட்டல. தெனமும் தம்பி பேரச் சொல்லி ஒரு செபமால. ஏழு வருசம் ஓடிருச்சு.

அப்போதான் கஸ்பாரு வேல செய்யுற கரைக்கு ஒரு ஆளு வல பொத்த வந்தான். யாரு? இன்னாசி! கஸ்பாரு திக்குன்னு ஆயிட்டான், ஒளியப் பாத்தான். இன்னாசி அவன் பக்கத்துல வந்து உக்காந்து, தன் சோத்துல பாதிய அவனுக்கு வச்சான். "ஒன்னாலதான் நான் கையக் கட்டி உப்பு அறையில கெடந்தேன். எனக்கே ஒம்மேல கோவமில்ல கஸ்பாரு. ஒங்க அக்கா மேல ஒனக்கு என்ன கோவம்?"ன்னு கேட்டான்.

கஸ்பாரு சோத்த அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். ரெண்டு நாளு வேலைக்கும் வரல. மூணாம் நாளு பொஞ்சாதி பிள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டான்.

இங்க பிரகாசி மீனக் கீறி உப்புப் போட்டுக்கிட்டு இருக்கா. நெழல் விழுது. நிமுந்து பாத்தா, தம்பி.

"யக்கா, நான்..."

அவ உப்புக் கையோட எந்திரிச்சு அவன் மொகத்தப் பிடிச்சுக்கிட்டா. "வெயில்ல வந்திருக்கியே, பிள்ளைக்குத் தண்ணி குடுத்தியா?"ன்னா. அவ்வளவுதான், சின்னப் பிள்ள மாதிரி அழுதான். அந்த வாரமே லியோன் முதலாளிகிட்டப் போயி, அவரு கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டான். அதுக்கப்புறம்தான் சித்திகூட மெள்ள வந்து பேசுனா.

அப்புறம் ரொம்பக் காலம் எல்லாரும் ஒண்ணா இருந்தாங்க. பிரகாசிக்கு வயசாச்சு, படுக்கையில விழுந்தா. தம்பிதான் கஞ்சி ஊட்டுனான். ஒரு நாள் கேட்டான்: "நல்லதே செஞ்ச, வசவுதான வாங்குன? ஒனக்கு என்னக்கா கெடச்சுது?"

அவ சிரிச்சா. "எல்லாத்தையும் இங்கயே வாங்கிட்டா, அங்க போயி நான் என்னத்த வாங்குறது?"ன்னா. மறுநாள் சாயந்தரம், செபம் சொல்லிக்கிட்டே இருக்கும்போது, கொரலு தேஞ்சு தேஞ்சு நின்னு போச்சு. மொகத்துல ஒரு கலக்கமில்ல. கேட்டியா?

"ம்... மோட்சத்துல அவளுக்குக் கிரீடம் வச்சாங்களா அத்தே?"

வச்சிருப்பாங்க தங்கம். ஆண்டவரே வாசலுக்கு வந்து, "வா பிரகாசி, கடேசி வரைக்கும் விடாம நடந்து வந்துட்ட"ன்னு கூட்டிட்டுப் போயிருப்பாரு. ஆனா அவளப் பத்தித் தெரியாதா? கிரீடத்தச் சரியாக்கூடப் பாத்திருக்க மாட்டா. "ஆண்டவரே, எம் பக்கத்துல ஒரு எடம் போட்டு வையும், தம்பி பின்னால வருவான்"னு கேட்டிருப்பா.

ம் சத்தத்தக் காணோமே. சரி. கத கரையேறிருச்சு, நீயும் கண்ணுறங்கு.