எல்லாவற்றுக்கும் ஆமாம்

கடைசியில் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உடனே இல்லை. முதலில் கஞ்சி வண்டி வரட்டும்.

அந்த வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும். அதை நான் வாயாலேயே செய்வேன். பாதி வார்டு டம்ளரோடு எழுந்து உட்காரும். போன வருஷம் குடல் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கேட்ட சத்தத்தையும் குரலையும் அப்படியே செய்துகாட்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. வாய்வழியாகப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கையில் ஏறும் குளுக்கோஸ்தான் எல்லாம். இப்போது வீட்டில் வயிறு முட்டச் சாப்பிடுகிறேன். ஆனாலும் எங்காவது சக்கரம் கிறீச்சிட்டால் அந்தக் கஞ்சி வாசனை வந்துவிடுகிறது. எனக்கு யாரும் ஊற்றாத கஞ்சி.

அந்த வாரம்தான் சுகிர்தா அக்கா வந்தார். உணவியல் படிக்கிறவர், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் புதுசு. வெள்ளைக் கோட்டில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. அவருக்குக் கற்றுத்தந்தவர் டயட்டீஷியன் கோமளவல்லி மேடம். அதட்டாமலே பயமுறுத்தும் குரல். அந்தக் குரல் மட்டும் என் வாயில் கடைசிவரை வரவில்லை.

அன்று காலை பக்கத்துக் கட்டில் செல்லையா தாத்தாவுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது. வேர்த்து, கை நடுங்கி, கூப்பிட்டால் வெறுமனே முழித்தார். நர்ஸ் ஓடிவந்து மருந்து ஏற்றி மீட்டார்.

சுகிர்தா அக்காவின் கண் சிவந்திருந்தது.

“நேத்து நான்தான் கேட்டு எழுதினேன் மேடம். எல்லா வேளையும் நல்லா சாப்பிட்டதா சொன்னாரு. அதை நம்பித்தான் டாக்டர் இன்சுலின் போட்டாரு. நாளைக்கும் இப்படி ஆனா?”

“முகம் கழுவிட்டு வா.”

அவர் போனதும் மேடம் குளுக்கோஸ் ஸ்டாண்டைத் திரைக்குப் பின்னால் தள்ளினார். என் கைமேல் போர்வையை இழுத்துவிட்டார்.

“அவ எது கேட்டாலும் தாத்தா மாதிரி ‘ஆமாம்மா’ன்னு சொல்லு.”

“வேற எதுவும்?”

“வேற எதுவும் வேண்டாம்.”

எனக்கா சொல்லித்தர வேண்டும்.

அக்கா வந்தார். “இந்தப் பையன் நேத்து சாப்பிட்டதைக் கேட்டு எழுது,” என்றார் மேடம்.

“காலையில இட்லியா தம்பி?”

“ஆமாம்மா.”

“நாலு இருக்குமா?”

“ஆமாம்மா.”

“மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல்?”

“ஆமாம்மா.”

“ராத்திரி சப்பாத்தி. பால் குடிச்சே, இல்ல?”

“ஆமாம்மா,” என்றேன், தாத்தா மாதிரியே லேசாக இருமி. தாத்தாவே திரும்பிப் பார்த்தார். அக்காவின் தலை மட்டும் நிமிரவில்லை.

“முடிச்சிட்டேன் மேடம். நல்லா சாப்பிடுறான்.”

மேடம் போர்வையை விலக்கினார். அக்கா என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். அது போன வழியே கண்ணை ஓட்டித் திரையைப் பார்த்தார்.

“ஆபரேஷனுக்கு அப்புறம் இவன் ஒரு வாய் சாப்பிடல,” என்றார் மேடம்.

வார்டே சிரித்தது. தாத்தாவும்தான்.

“அப்ப எதுக்குத் தம்பி பொய் சொன்னே?”

நான் வாய் திறக்கும் முன் மேடம் சொன்னார்: “அவன் எங்கேம்மா சொன்னான்? எல்லாம் நீதானே சொன்னே.”

அக்கா ஸ்டூலைத் தாத்தா பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“நேத்து என்ன சாப்பிட்டீங்க தாத்தா?”

தாத்தா உடனே பேசவில்லை. அக்காவும் ‘இட்லியா?’ என்று எடுத்துக்கொடுக்கவில்லை.