மணிச்சத்தம் கேக்குற வீடு

கீரி கதைன்னு சொன்னதுமே, பாம்பைக் கடிச்சுக் குதறப் போகுதுன்னு சம்மணம் போட்டு உக்காந்துட்டீங்களா? ஆசையப் பாரு! இன்னிக்கு ரெண்டும் ஒரே வீட்ல குடியிருக்கப் போகுதுங்க!

எதுக்கு? எல்லாம் ஸ்கூல் சீட்டுக்குத்தான்!

குளக்கரை ஆலமரத்தடியில நாரை சார் பள்ளிக்கூடம் நடத்துறாரு. காடே அங்க இடம் கேட்டு அலையுது. ஆனா ஒரு சட்டம். ஸ்கூல் மணிச்சத்தம் கேக்குற தூரத்துல வீடு இருந்தாத்தான் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துப்பாங்க. கீரி மரகதத்தோட வீடோ மொட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம். அங்க இடி இடிச்சாலே லேசாத்தான் கேக்கும்!

மரகதம் நேரா குளக்கரைப் புத்துக்கு ஓடினா. "நாகம்மாக்கா! என் பையன் செவலைக்கு சீட்டு வேணும். நாங்க உங்க வீட்லதான் குடியிருக்கோம்னு சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா!"

"ஸ்ஸ்ஸ்... அக்காவா? போன மாசம் என் வாலைக் கடிச்சியே, அப்ப எங்கடி போச்சு இந்த அக்கா?"

"இனிமே உங்க முட்டை இருக்கிற பக்கமே திரும்ப மாட்டேன்! செவலை மேல சத்தியம்!"

முட்டைன்னதும் நாகம்மா சரின்னுட்டா.

மறுநாள் அட்மிஷன். ஒரே தள்ளுமுள்ளு! ஒத்தக்கால்ல நின்ன நாரை சார் கழுத்தை நீட்டினாரு. "எ...ன்...னது? கீரியும் பாம்பும் ஒரே வீட்லயா?"

"கூடப் பொறந்த மாதிரி சார்!" மரகதம் நாகம்மாவைக் கட்டிப் புடிச்சா. பல்லு மட்டும் நறநறன்னுச்சு.

"ராத்திரி எனக்குத் தாலாட்டே இவதான் சார்!" நாகம்மா சிரிச்சா. படம் தானா விரிஞ்சுது. அமுக்கிக்கிட்டா.

நாரை சாருக்குக் கண்ணே கலங்கிருச்சு. "ஆஹா! என்ன ஒத்துமை! செவலைக்கு சீட்டு உண்டு!"

மரகதம் குதிச்சா பாருங்க! அந்தக் குதியில, போன மாசம் கடிச்ச அதே வாலை மிதிச்சுட்டா!

ஓரமா வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்த பெருச்சாளி சும்மா இருந்திருக்கலாம். இருக்கல. மரகதம் காதோரம் வந்து மெதுவா கேட்டாரு. "ஏம்மா மரகதம், உன் மொட்டைப் பாறை வீட்டுக்கு ஒட்டினாப்லயே ஒரு ஸ்கூல் இருக்கே?"

"அட போங்க மாமா! அங்கெல்லாம் எவன் படிப்பான்?"

"நம்ம நாரை சார் பையன்தான்! தெனம் காலைல இவரே தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வர்றாரு! ஸ்கூல் தேடி ஓடுறதுக்கு முன்னாடி, அங்க பாடம் நடத்துறவங்க சொந்தப் புள்ளைய எங்க சேத்திருக்காங்கன்னு பாக்கணும்மா!"