ஆந்தை முகத்தில் விழுந்த வெட்டு

அந்தக் காலத்தில், கிரேக்கக் கடற்கரையில் ஆந்தை பட்டப்பகலில் பறக்கும்; மனிதரோடு வாய்விட்டுப் பேசும். வெள்ளிக்குள் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் கண் அதற்கு மட்டுமே இருந்தது. துறைமுகத்துத் தராசுக் கம்பத்தின் உச்சிதான் அதன் இடம். ஆந்தை பார்த்தாயிற்று என்றால் அதற்குமேல் பேச்சில்லை. அந்த நம்பிக்கையில்தான் வெள்ளிக் காசில் அதன் முகத்தையே பதித்தார்கள்.

எண்ணெய் வியாபாரி தோரியன் மட்டும் யாரையும் நம்பாதவன். ஒரு ஜாடிக்கு அரைநாள் தொண்டை கிழியப் பேரம் பேசுவான். வரும் காசையெல்லாம் உளியால் வெட்டிப் பார்ப்பான். அவன் தம்பி லைக்கோனைக் கடற்கொள்ளையர் பிடித்துப் போனார்கள். அமாவாசைக்குள் வெள்ளி வராவிட்டால் அடிமையாக விற்றுவிடுவோம் என்று ஆள் அனுப்பினார்கள். தோரியன் தன் படகை விற்றான். வாங்கியவன் காசு அடிக்கும் கொல்லன் தெராஸ்; தராசுக் கம்பத்தடியில் காசை எண்ணி வைத்தான்.

"என்னய்யா, மினுக்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே?" என்று தோரியன் உளியை எடுத்தான்.

"நேற்று அடித்த காசு அழுது வடியுமா? வெட்டுப்பட்ட காசைக் கொள்ளையரும் குறைத்துத்தான் எடுப்பார்கள். சந்தேகமென்றால் மேலே ஆந்தையைக் கேள்."

தோரியன் உளியோடு அண்ணாந்தான். "தாயே, என் தம்பி உயிர் இதில் இருக்கிறது. உள்ளே வெள்ளிதானா?"

ஆந்தையின் குஞ்சுகள் கொல்லன் வீட்டுக் கூரைப் பொந்தில் இருந்தன. அது தெராஸைப் பார்த்தது.

"வெள்ளிதான்," என்றது.

தோரியன் வாழ்க்கையில் முதல்முறையாக, உளியை வெட்டாமலே இடுப்பில் செருகினான்.

கொள்ளையர் தலைவன் முதல் காசையே வெட்டினான். உள்ளே செம்பு சிவந்து தெரிந்தது. "எங்களுக்கே செம்பா?" என்று காறித் துப்பினான். லைக்கோனை அப்போதே வேறு கப்பலில் ஏற்றினார்கள்.

"அண்ணா, நீ வெட்டிப் பார்க்கவில்லையா?" என்று அங்கிருந்து கத்தினான் தம்பி.

கப்பல் மறைந்ததும், கொள்ளையர் வீசியெறிந்த காசுகளைத் தோரியன் பொறுக்கினான்.

திரும்பி வந்தவன் அந்தக் காசு ஒன்றைத் தராசுக் கல்லில் வைத்தான். "ஏன் அப்படிச் சொன்னாய்?"

"என் குஞ்சுகளை எரித்துவிடுவான் என்று பயந்தேன்."

"என் தம்பியும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான்," என்று சொல்லி, உளியைக் காசில் இருந்த ஆந்தை முகத்தின் மேல் நிறுத்தி ஓங்கி அடித்தான்.

தன் முகம் பிளந்ததை ஆந்தை கண்ணை அகல விழித்துப் பார்த்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தது. அலறல்தான் வந்தது. பறந்துபோய் இருட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

அன்று முதல்தான் ஆந்தை வெளிச்சத்தில் முகம் காட்டுவதில்லை. கடல் வியாபாரிகளும் எந்த வெள்ளியையும் வெட்டாமல் பையில் போட்டதில்லை. மண்ணுக்கடியிலிருந்து இன்று கிடைக்கும் நல்ல வெள்ளிக் காசுகளிலும் அந்த உளித் தழும்பு இருக்கிறது.