மாடிப்படியும் பத்து ஓட்டை வயரும்

கண்ண மூடு. மூடினாத்தான் கதை. பெரியம்மாளுக்கு இன்னிக்கு நின்னு நின்னு காலு ரெண்டும் மரக்கட்டையாக் கெடக்குது. தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னு எந்திரிச்சா கதை அங்கியே நின்னு போயிரும், இப்பவே சொல்லிட்டேன். உங்கம்மா ரெண்டாவது ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள நீ தூங்கியிருக்கோணும். "ம்" கொட்டிட்டே கேளு. நீ கொட்டலைன்னா நான் தூங்கிருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாடிப்படி இருந்துச்சாம். ராசா இல்லையா, சிங்கம் இல்லையான்னு கேக்காத. மாடிப்படிதான். இரும்புப் படி, இருவத்திரெண்டு. கால் வெச்சா "டங்கு டங்கு"ன்னு சத்தம் போடும். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குள்ள அது இருந்துச்சு. அந்தப் படிய தெனமும் ஏறி எறங்க ஒருத்தி இருந்தா, மாராத்தான்னு பேரு. அம்பத்தி ரெண்டு வயசு.

எதுக்கு ஏறோணும்னா, கேளு. தோட்டத்துல போர் மோட்டாரு ஓடுதில்ல? தண்ணி இல்லைன்னா அது தானா நின்னுக்கோணும். கரண்டு கம்மியா வந்தா ஓடக்கூடாது. இதெல்லாம் மோட்டாருக்கு யாரு சொல்றது? பெட்டிக்குள்ள ஒரு பச்சை அட்டை இருக்கும், போர்டும்பாங்க. அதுல கருப்பா ஒரு ஐசி உக்காந்திருக்கும். புதுசா செஞ்சப்ப அந்த ஐசிக்கு ஒண்ணுந் தெரியாது, வெறும் மண்டை. கம்ப்யூட்டர்ல இருந்து வயரு வழியா அதுக்குள்ள புத்தி ஊத்தோணும். புரோகிராம் ஏத்தறதுன்னு பேரு.

"ம்."

போர்டு செய்யறது கீழ. கம்ப்யூட்டரு இருக்கறது மாடில, ஏசி ரூம்புல. கீழ பொகையும் தூசியும்னு அதுக்கு ஒத்துக்காதாம். நமக்கு மட்டும் ஒத்துக்குதாக்கும்! அப்போ மாராத்தா என்ன பண்ணுவா, இருவது போர்ட ஒரு தட்டுல அடுக்கி, "டங்கு டங்கு"ன்னு மாடிக்குத் தூக்கிட்டுப் போவா. ஒவ்வொண்ணா வயரச் சொருகிக் குடுப்பா, புத்தி ஊத்துவாங்க. அப்புறம் தட்டத் தூக்கிட்டு எறங்குவா. அப்புறம் அடுத்த தட்டு. ஒரு நாளைக்குப் பத்துத் தட்டு, பதினஞ்சு தட்டு. பதினோரு வருசம்.

முட்டி "லொடக் லொடக்"னுச்சு. பெரியாஸ்பத்திரி டாக்டரு, "ஏம்மா, இனி படி ஏறாத"ன்னு ஒரு வரில சொல்லிட்டாரு. சொல்றது சுலுவு. படி ஏறறதுதான் அவ வேலையே. வேலைய உட்டா ஊட்டுல அடுப்பு எரியாது. படி ஏறினா காலு போகும். நடுவுல நின்னுட்டு அவ தெனமும் ஏறினா.

அந்தக் கம்பெனியில தாரணின்னு ஒரு சின்ன வயசு எஞ்சினியரு. மாராத்தா மூச்சு வாங்கறதப் பாத்துப் பாத்து அந்தப் புள்ளைக்குப் பொறுக்கல. ஆறு மாசம் மேனேஜரு ரங்கராஜு பின்னாலயே அலைஞ்சு ஒரு பெட்டி வாங்க வெச்சா. சோத்து டப்பா அளவு இருக்கும். ஒரு பக்கம் நெட்வொர்க் வயரு சொருகற ஓட்டை. இன்னொரு பக்கம் பட்டையா ஒரு வயரு, அதோட நுனில பத்துச் சின்ன ஓட்டை. போர்டுல பத்து ஊசி நீட்டிட்டிருக்கும், அது மேல இத வெச்சு அமுக்கோணும். பெட்டி கீழ இருக்கும், கம்ப்யூட்டரு மாடில இருக்கும். நெட்வொர்க் வயரு வழியா மாடில இருந்தே புத்தி ஊத்திக்கலாம். தட்டத் தூக்க வேண்டாம்.

மேனேஜரு நல்ல மனுசந்தான். ஆனா நாற்காலிய உட்டு எந்திரிக்காத நல்ல மனுசன். பெட்டி வந்த அன்னிக்குக் காத்தாலயே, "இன்னிக்கு நாலு மணிக்குக் கொரியர்காரன் வருவான். அதுக்குள்ள ஓடலைன்னா பெட்டி வந்த வழியே போயிரும்"னுட்டாரு.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்புறம் தாரணி பெட்டியக் கீழ மேசை மேல வெச்சு வயரச் சொருகினா, "டிக்". கரண்டு குடுத்தா. லைட்டு "மினுக் மினுக்"னுச்சு. மாடிக்கு ஓடினா. கம்ப்யூட்டர்ல இருந்து பெட்டியக் கூப்பிட்டா. சத்தமே இல்ல. மறுக்கா கூப்பிட்டா. ஊஹூம்.

ஏன்னா, அந்த வயர்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரு உண்டு, ஊட்டுக்குக் கதவு நம்பராட்டம். பெட்டி செஞ்ச எடத்துல அதுக்கு ஒரு நம்பரு போட்டு அனுப்பியிருக்காங்க. அது வேற தெரு. நம்ம கம்ப்யூட்டரு நம்ம தெருவுக்குள்ளதான் தேடும், பாவம். அப்போ தாரணி என்ன பண்ணினா, ஒரு லேப்டாப்பக் கீழ கொண்டாந்து, பெட்டிக்கும் அதுக்கும் நேரா ஒரு வயரு போட்டா. லேப்டாப்புக்கும் அந்த வேத்துத் தெரு நம்பரு ஒண்ணக் குடுத்து, பெட்டிகிட்ட பேசி, "இனி உன்ற நம்பரு இது"ன்னு மாத்தினா. இதுக்கே மத்தியானம் ஆயிப் போச்சு. அது வரைக்கும் மாராத்தா நாலு தட்டு ஏறி எறங்கியாச்சு. பெட்டி வருதுன்னு வேலை நிக்குமா?

அப்புறம் மணி ஒண்ணு. சாப்பிட்டுட்டு எல்லாரும் உள்ள வர்றாங்க. வாசல்ல கட்டைவெரல் வெக்கற மெஷினு ஒண்ணு, வெரல வெச்சா "தேங்க் யூ"ங்கும். அன்னிக்கு வெக்கறாங்க, வெக்கறாங்க, அது வாயே தொறக்கல. வாட்ச்மேனு, "ஏனுங், மெஷினு செத்துப் போச்சுங்"னு கத்தறாரு. வெயில்ல அறுவது பேரு வரிசையா நிக்கறாங்க. மாடில பாத்தா, பெட்டி ஒரு தடவை பேசுது, ஒரு தடவை பேசமாட்டேங்குது.

எதுனால தெரியுமா?

"ம்ஹூம்."

தாரணி பெட்டிக்குக் குடுத்த நம்பரு அந்தக் கட்டைவெரல் மெஷினோட நம்பரு! ஒரே கதவு நம்பர்ல ரெண்டு ஊடு. தபால்காரன் எங்க போவான்? மேனேஜரு மாடில இருந்து எட்டிப் பாத்து, "உங்க பெட்டியால என்ற கம்பெனியே வெளிய நிக்குது"ன்னு ஒரு சத்தம். அந்தப் புள்ளைக்கு மொகம் சுண்டிப் போச்சு. எது எதுக்கு என்ன நம்பருன்னு அந்தக் கம்பெனியில ஒருத்தரும் எழுதி வெக்கல. அப்போ அவ ஒவ்வொரு நம்பராக் கூப்பிட்டுப் பாத்தா. பதில் சொன்னா அங்க ஆளிருக்கு. சொல்லலைன்னா காலி. அப்பிடி ஒரு காலி நம்பரத் தேடிப் பெட்டிக்குக் குடுத்தா. வாசல்ல மெஷினு "தேங்க் யூ"ன்னுச்சு. மாடில பெட்டி, "நான் இங்கதான் இருக்கேன்"ன்னுச்சு. அப்போ மணி ரெண்டே கால்.

"ம்."

அப்புறந்தான் கஷ்டமே. பெட்டி பேசுது. ஆனா போர்டு பேசல. பத்து ஓட்டைய ஊசி மேல வெச்சு அமுக்கறாங்க, மாடில பட்டனத் தட்டறாங்க, "ஐசியக் காணோம்"னு வருது. போர்ட மாத்தினாங்க. காணோம். இன்னொண்ணு. காணோம். தாரணி மேலயும் கீழயும் ஓடி ஓடி அவளுக்கே கால் நோவு வந்துருச்சு. மூணரைக்குத் தாரணி மாராத்தா பக்கத்துல வந்து நின்னு, "பெட்டியே கோளாறு போல இருக்குதுங்க்கா. அனுப்பிர்றேன். என்னால முடியல"ன்னா. கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. அட்டைப்பெட்டிய எடுக்க மாடிக்குப் போயிட்டா.

இங்க நான் உங்கிட்ட ஒண்ணச் சொல்லாம உட்டுட்டேன். வேணும்னேதான்.

அந்தக் கம்பெனியில புதுசா என்ன மெஷினு வந்தாலும் கரண்டு குடுக்கறதுக்கு முன்ன சந்தனம் குங்குமம் வெச்சிருவாங்க. காத்தால தாரணி டீ குடிக்கப் போனப்ப மாராத்தா வெச்சா. மோதிர வெரலால சந்தனத்தத் தொட்டு, பெட்டி நெத்தியில ஒரு பொட்டு. அப்புறம் அவ மனசு கேக்கல. "இது வாயி, புத்தி இது வழியாத்தான போவுது"ன்னு, அந்தப் பத்து ஓட்டை மேலயும் ஒண்ணு வெச்சா. "தாயே, என்ற முட்டியக் காப்பாத்து"ன்னு கும்புட்டுட்டு, மேல நின்னதத் தொடச்சும் உட்டா. உள்ள போனத யாரு தொடைக்கறது?

இப்ப வயரக் கையில எடுத்து வெளிச்சத்துல பாக்கறா. எட்டு ஓட்டை கருப்பா இருக்குது. ரெண்டு ஓட்டை மஞ்சளா, கல்லாட்டம் காஞ்சு கெடக்குது.

"ஐயோ."

ஆமா, ஐயோதான். சொல்லீர்லாம்னு வாயத் தொறந்தவ, அப்பிடியே மூடிட்டா.

ஏன் மூடினா? காத்தால இருந்து அவ முட்டியப் பத்தி மட்டுந்தான் நெனச்சிட்டிருந்தா. இப்பத்தான் மத்தது ஒறைச்சுச்சு. பெட்டி ஓடிட்டா தட்டத் தூக்க வேண்டாம். தட்டத் தூக்க வேண்டாம்னா தூக்கறவ எதுக்கு? வாய மூடிட்டு இருந்தா யாருக்குந் தெரியாது. பெட்டி போயிரும், படி இருக்கும், வேலையும் இருக்கும். காலு போனாப் போவுதுன்னு அவளுக்குத் தோணுச்சு. அவ கெட்டவ இல்ல கண்ணு. ரொம்ப அலுத்துப் போனவ. அலுத்துப் போனா மனுசனுக்கு அப்பிடியெல்லாந் தோணும்.

"டங்கு டங்கு"ன்னு தாரணி அட்டைப்பெட்டியோட எறங்கி வந்தா. கடைசிப் படில தன்னால உக்காந்துட்டா. மாராத்தாளும் பக்கத்துல உக்காந்தா.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பெட்டி ஓடிட்டா எனக்கு இங்க வேலை இருக்குமா?"

தாரணி வாயத் தொறந்தா. சும்மாவாச்சும் "இருக்குங்க்கா"ன்னு சொல்லியிருக்கலாம். நானா இருந்தாச் சொல்லியிருப்பேன். அவ சொல்லல. "தெரியலைங்க்கா. நான் அத யோசிக்கவே இல்ல. மேனேஜருகிட்ட கேப்பேன். அவரு என்ன சொல்லுவாருன்னு தெரியல"ன்னா.

மாராத்தா அந்தப் புள்ளையோட காலப் பாத்தா. செருப்பக் கழட்டிப் போட்டுட்டுக் குதிகாலத் தேச்சிட்டிருந்தா. ஒரு நாளு ஏறினதுக்கே இந்தக் கதி. தனக்கு அப்பறம் இந்தப் படிய இன்னொருத்தி ஏறுவாளேன்னு இருந்துச்சு.

"பெட்டி நல்லாத்தான் இருக்குது அம்மிணி. சந்தனம் அடைச்சிருக்குது. நாந்தான் வெச்சேன்."

தாரணி பாத்தா. வயரப் பாத்தா, இவ மொகத்தப் பாத்தா. திட்டறதுக்குக் கூட அவளுக்குத் தெம்பில்ல. "ஊக்கு இருக்குதுங்களா?"ன்னா. மாராத்தா சேலையில இருந்து ஊக்கக் கழட்டினா. "கிர்ர்ரு, கிர்ர்ரு"ன்னு சொரண்டினாங்க. போர்டு தொடைக்கற ஸ்பிரிட்டத் தொட்டுத் தொட்டுக் கழுவினாங்க. ஊதினாங்க, "ஃப்பூ, ஃப்பூ". ரெண்டு ஓட்டையும் கருப்பாச்சு. தாரணி மேல ஓடினா. மாராத்தா சொருகினா, "டிக்". மேல தாரணி பட்டனத் தட்டினா.

போர்டுல ஒரு பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. புத்தி வந்துருச்சு!

தூங்கிட்டியா கண்ணு?

"...ம்."

நாலு மணிக்கு மேனேஜரு எறங்கி வந்தாரு. பாத்தாரு. "ஓடுதே! அப்பப் படி ஏற ஆளு வேண்டாம்"னாரு. அவ்வளவுதான். மாராத்தா நின்ன எடத்துலயே நின்னா. அழுகை வரல, அலுப்புத்தான் வந்துச்சு. அப்போ மாடில இருந்து தாரணி, "அடுத்த போர்டு"ன்னு கொரல் குடுத்தா. மேனேஜரு, "இதென்ன பெரிய வித்தையா, நானே சொருகறேன்"னு வயர எடுத்து ஊசி மேல வெச்சு அமுக்கப் போனாரு.

"லபக்"குன்னு மாராத்தா அவரு கையப் புடிச்சுட்டா! மேனேஜரு கைய! கீழ வேலை செஞ்ச அத்தன பேரும் அப்பிடியே நிமிந்து பாத்தாங்க.

"தலகீழாச் சொருகறீங் சார். வயர்ல செவப்புக் கோடு இருக்குது பாருங், அது ஒண்ணாம் ஊசிப் பக்கம் வரோணும். இல்லைன்னாப் பெட்டியும் கருகிரும், போர்டும் கருகிரும். பதினோரு வருசமா மாடில இதே மாதிரி வயர நாந்தானுங் சொருகறேன். ஒரு போர்டு கருகலீங்."

மேனேஜரு செவப்புக் கோட்டப் பாத்தாரு. ஏழு தட்டுல அடுக்கியிருந்த நூத்தி நாப்பது போர்டப் பாத்தாரு. அவ கை இன்னும் அவரு மணிக்கட்டுலதான் இருந்துச்சு. அத அவரு ஒதறல. திரும்பி, "ஏப்பா, அந்த அம்மாளுக்கு ஒரு ஸ்டூலு கொண்டா"ன்னாரு.

ஸ்டூலு வந்துச்சு. மாராத்தா உக்காந்தா. கால நீட்டினா. முட்டி ரெண்டும் நடுங்குச்சு, நடுக்கம் நிக்கவே மாட்டேன்னுச்சு. அது நிக்கற வரைக்கும் அவ அடுத்த போர்டச் சொருகல. மாடில தாரணியும் கூப்பிடல, மேனேஜரும் ஒண்ணுஞ் சொல்லல. அந்தக் கம்பெனியே அவளுக்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு.

ம் கொட்டு... கொட்டலையா? சரி.

மாராத்தா உக்காந்துட்டா, கதையும் உக்காந்துருச்சு. பெரியம்மாளும் கால நீட்டிக்கறேன். தூங்கு சாமி.